தரிசு

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஊரை எந்த உயரத்திலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். வேண்டும்போது கதாநாயகியின் அடுப்பங்கரைக்குள் நுழையலாம், வேண்டாதபோது கோபுரத்து உச்சியில் ஏறிக்கொண்டு, "அந்தக் கிராமம் ஆற்றின் வடகரையில் இருந்தது, சுற்றிலும் பச்சைப் பசேலென்று வயல்கள்" என்று இரண்டு வரியில் காரியத்தை முடித்துவிடலாம். வாசகர்களும் பெரிய மனசு பண்ணி நம்பிவிடுகிறார்கள். அந்த வயல்களில் என்ன விளைந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று இதுவரை ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டதில்லை.

ஆனால் நிஜமாகவே மேலே இருந்துகொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை சேர்த்து வைக்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள். 1972-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி, பூமியின் நிலப்பரப்பைப் படம் எடுப்பதற்கென்றே அமெரிக்கர்கள் ஒரு செயற்கைக்கோளை ஏவினார்கள். பின்னால் லாண்ட்சாட் என்று பெயர் பெற்ற அந்த வம்சத்தில் இன்று வரையில் வாரிசு அற்றுப்போகவில்லை. நம் தேசத்தின் பங்குக்கு 1988-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற கோள் சோவியத் மண்ணிலிருந்து கிளம்பிற்று. அப்புறம் அந்தக் குடும்பமும் பெருகிவிட்டது. இவர்கள் கதாசிரியனைப் போல ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல. நாள் கணக்குத் தவறாமல், ஏறக்குறைய அதே காலை வேளையில், அதே ஊரின்மேல் மறுபடி மறுபடி வருகிறார்கள். இப்போதுள்ள லாண்ட்சாட் கோள் ஒவ்வொன்றுக்கும் பதினாறு நாளைக்கு ஒரு முறைவாசல்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றது; அந்த இரண்டு வருஷத்திலும் பூகோளம் கிடையாது. என் அக்காள் மகள் பூகோளத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பனியன் தொழில் வளர வளரத் திருப்பூரைச் சுற்றியுள்ள நிலம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்ப்பது அவளுடைய ஆய்வு. எங்களுக்குப் பூர்வீகம் காங்கேயம் பக்கத்துக் கிராமம். "மாமா, ஊர்ப்பக்கம் நாலு நாள் சுத்தோணும். தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருந்தாத்தான் ஆளுக பேசுவாங்க. வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். எழுத்தாளனுக்கு வேறென்ன வேலை? போனேன்.

கிளம்புவதற்கு முன்னால் படங்களைக் கம்ப்யூட்டரில் விரித்துக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சீமை முழுவதும் செக்கச் செவேலென்று திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. "இதென்னம்மா, சாயத் தண்ணியா?" என்றேன். சிரித்தாள். "செவப்பாத் தெரியறதெல்லாம் பச்சைங்க மாமா" என்றாள்.

விஷயம் இதுதான். உயிருள்ள பச்சிலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறது. கோளில் உள்ள கருவி அதைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காகிதத்தில் காட்ட ஏதாவது ஒரு நிறம் வேண்டுமே, சிவப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தென்னந்தோப்பு சிவப்பு. மஞ்சள் தோட்டம் சிவப்பு. ஆழமான தெளிந்த நீர் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பு. சிமெண்டும் தகரமும் வெளிறிய சாம்பல் நீலம். நம் நாட்டில் இந்த வித்தை முதலில் தென்னை மரத்தில்தான் பலித்தது. 1970-ம் வருஷம் பிஷாரடி என்ற விஞ்ஞானியின் குழுவினர், கேரளத்துத் தோப்புகளின்மேல் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பிஷாரடியை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று சொல்கிறார்கள்.

படத்தை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டு போனால் கடைசியில் அது சதுரங்களாக உடைகிறது. ஒவ்வொரு சதுரமும் ஒரே நிறம். அதற்குக் கீழே பிரிக்க முடியாது. பழைய லாண்ட்சாட் படத்தில் அந்தச் சதுரம் தரையில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். 1982-லிருந்து வந்த கோள்களில் பக்கத்துக்கு முப்பது மீட்டர்; நம் கணக்கில் இருபத்திரண்டு சென்ட். 2015-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல் கோளின் சதுரம் இரண்டரை சென்ட். சைட் போட்டு விற்கிறவர்கள் வெட்டுகிற மனையைவிடக் கொஞ்சம் சிறிது. இருபத்திரண்டு சென்டுக்குள் ஒரு சாளை, ஒரு மாட்டுக் கட்டுத்தாரை, நாலு தென்னை, ஒரு வேப்பமரம், அதன்கீழே கயிற்றுக்கட்டில் எல்லாம் அடங்கிவிடும். கோள் அவ்வளவையும் ஒன்றாகக் கலக்கி ஒரே ஒரு நிறமாகத்தான் தரும். அந்தச் சதுரத்துக்குப் பெயர் வைக்க வேண்டியது மனுஷன் வேலை. இது தோப்பு, இது வீடு, இது தண்ணீர் என்று சில சதுரங்களை நாம் காட்டிக்கொடுத்தால், மிச்சமுள்ள லட்சக்கணக்கான சதுரங்களைக் கம்ப்யூட்டர் அந்தச் சாயலை வைத்துத் தானே பிரித்துக்கொள்கிறது.

பெயர் வைப்பதில்தான் வில்லங்கமெல்லாம் வருகிறது என்று அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நிலத்தை அளந்து பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜன் சோழ நாட்டை அளக்கச் சொன்னான். அளந்த கோலுக்கு உலகளந்தான் கோல் என்று பெயர் நிலைத்தது. 1802-ம் வருஷம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலியைப் போட்டு, இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கிற வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டார். அப்புறம் கிராமத்துக்குக் கிராமம் கர்ணம் வந்தார். எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பசலியில் என்ன பயிர் என்று அவர் எழுதி வைத்த கணக்குக்கு அடங்கல் என்று பெயர். 1980-ல் பரம்பரைக் கர்ணங்களின் உத்தியோகம் போய்விட்டது, அடங்கல் போகவில்லை. இப்போது கிராம நிர்வாக அதிகாரி எழுதுகிறார். திண்ணையில் உட்கார்ந்து எழுதிய அடங்கலைப் பற்றி எங்கள் பக்கத்தில் எத்தனையோ பரிகாசக் கதைகள் உண்டு. வானத்தில் இருக்கிறவருக்குத் திண்ணை கிடையாது, பட்சபாதம் கிடையாது, காப்பி பலகாரத்துக்கு மசிகிறவரும் அல்ல. ஆகவே அவர் கணக்கில் பிசகு வராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பல விஷயங்களில் வருவதில்லைதான். பத்து வருஷத்துக்கு ஒன்றாகத் திருப்பூர்ப் படங்களை அவள் வரிசையாக வைத்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. 1970-களின் படத்தில் நொய்யலின் கரையில் ஒரு சின்னச் சாம்பல் கறை, அதுதான் ஊர். அப்புறம் அந்தக் கறையிலிருந்து விரல்கள் முளைக்கின்றன. அவிநாசிச் சாலையில் ஒரு விரல், பல்லடம் சாலையில் ஒன்று, காங்கேயம் சாலையில், தாராபுரம் சாலையில், மங்கலம் சாலையில், ஊத்துக்குளிச் சாலையில் ஒவ்வொன்று. அடுத்த படங்களில் விரல்களுக்கு நடுவே இருந்த சிவப்புத் திட்டுகளை அந்தக் கை மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. 1985 வாக்கில் இந்த ஊரிலிருந்து வெளிநாடு போன பின்னலாடை சுமார் 15 கோடி ரூபாய் என்பார்கள். 2024-25-ல் அது 40,000 கோடியைத் தாண்டிற்று. இந்த இரண்டு தொகைக்கும் நடுவே எத்தனை சோளக்காடு, எத்தனை பருத்திக்காடு என்பதைப் படம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

ஜனத்தொகைக் கணக்கு சொல்லாத உண்மையையும் அது சொல்கிறது. 2001-ல் திருப்பூர் நகரத்து ஜனங்கள் 3,44,543 பேர். விரிந்த மாநகராட்சி எல்லைப்படி 2011-ல் 8,77,778 பேர். பத்து வருஷத்தில் ஊர் இரண்டரை மடங்கு பெருத்துவிட்டது என்று தோன்றும். வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்த்தது அதில் பாதிக்கு மேற்பட்ட சமாசாரம். பழைய எல்லைக்குள் மட்டும் எண்ணினால் நாலரை லட்சத்துக்கும் குறைவு. வந்து சேர்ந்த ஜனங்களைவிட, எல்லைக்கோடு தானே நடந்துபோய் அழைத்துவந்த ஜனங்கள்தான் அதிகம். வானத்துக் கருவிக்கு எல்லைக்கோடு தெரியாது. அதன் கணக்கில் வேலம்பாளையம் எப்போதோ திருப்பூரோடு ஒட்டியாகிவிட்டது.

இவ்வளவு கெட்டிக்காரச் சாட்சிதான். ஆனாலும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை பண்ணாமல் விடக்கூடாது அல்லவா? அதற்குத்தான் நாங்கள் கிளம்பினோம். படத்தில் அங்கங்கே புள்ளி குத்தி வைத்திருந்தாள். அந்த இடத்துக்கு நேரில் போய், படம் சொல்வது வாஸ்தவம்தானா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். 'தரை உண்மை' என்று அதற்குப் பெயராம். ஆகாயத்து உண்மை என்று தனியாக ஒன்று இருக்கிறது போலிருக்கிறது.

பல்லடம் பக்கத்தில் நீள நீளமான கூரைகள் கட்டடம் என்று விழுந்திருந்தன. "எதுங்க மாமா பனியன் கம்பெனி, எதுங்க கோழிப்பண்ணை?" என்று கேட்டாள். பக்கத்தில் போனால் மூக்கே சொல்லிவிடுகிறது. மேலிருந்து சொல்ல ஒரு குறிப்பு உண்டு. வெயில் உள்ளே அடிக்காமல் இருக்கக் கோழிக் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுவார்கள். கம்பெனிக்காரர் மனை எப்படி வாய்த்ததோ அப்படிக் கட்டுவார். காங்கேயத்துக்கு அருகே சதுரம் சதுரமாக வெளுப்பு. கம்ப்யூட்டர் அதையும் கட்டடம் என்றது. போய்ப் பார்த்தால் சிமெண்டுக் களத்தில் தேங்காய்ப் பருப்புக் காய்கிறது. இப்படிப்பட்ட பிசகுகளைத் திருத்திக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

சில இடங்களில் படம் பொய் சொல்லவில்லை; ஆனால் அது சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. 1992-ல் சென்னிமலைப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை நொய்யலின் குறுக்கே கட்டி முடித்தார்கள். ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதாக ஏற்பாடு. முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், வறண்ட பள்ளத்தாக்கில் ஒரு நீர்நிலை புதிதாக வந்திருக்கிறது. 'நீர்நிலை' என்ற பத்தியில் ஓர் ஏற்றம், படிக்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்தத் தண்ணீர் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவு வந்து தேங்கியது என்பதும், மதகைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கெஞ்சினார்கள் என்பதும் அந்தப் பத்தியில் வராது. உப்பு ஏறிப் பயிர் அற்றுப்போன நிலத்தில் சீமைக்கருவேலம் முளைத்தால் அதுவும் படத்தில் சிவப்புத்தான். பச்சிலை பச்சிலைதானே, மஞ்சள் பயிரா முள்மரமா என்று ஒரே ஒரு நாள் படத்தைப் பார்த்துப் பிரிப்பது சுலபமல்ல.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று. 2009-ல் உச்சநீதிமன்றமும், கெடுத்தவன்தான் ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை வற்புறுத்தியது. அப்படியும் நிற்காததால் 2011-ம் வருஷம் ஜனவரி மாதம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள். வேலை தேடி வந்திருந்தவர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பவர் டேபிளில் தைக்கத் துணி இல்லாமல் என் சித்தப்பா மகன் மாதக்கணக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அந்த வருஷத்துப் படத்தையும் அதற்கு முந்திய வருஷத்துப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை! அதே கூரைகள், அதே சாம்பல் நீலம். அடுப்பு அணைந்தது கூரைக்குத் தெரியுமா? நிலத்தின்மேல் கிடக்கிறது என்ன என்பது வேறு, நிலத்தை வைத்து ஜனங்கள் செய்கிறது என்ன என்பது வேறு என்று அவர்கள் சாஸ்திரத்திலேயே முதல் பாடமாகச் சொல்லியிருக்கிறார்களாம். படம் முதலாவதைக் காட்டும். இரண்டாவதை விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

விசாரிக்கிறபோது வார்த்தை குறுக்கே வருகிறது. எங்கள் கொங்குச் சீமையில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். வாய்க்கால் பாய்ந்தால் வயல். வானம் பார்த்த புஞ்சை காடு. "அப்பா எங்கே?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்பார்கள். சோளத்தட்டு அறுக்கப் போயிருப்பார். வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வந்த ஒரு பையன் இதைக் கேட்டு, புலி வாழ்கிற காடு என்று எழுதிக்கொண்டு போனான் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அந்தக் காடுகளில் ஒரு ஜாதிக்குக் கொறங்காடு என்று பெயர். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துக்கு வெளியே இதைக் கண்டவர்கள் கொஞ்சம்தான். சொந்தப் பட்டா நிலத்தைச் சுற்றி முள்கிளுவைப் போத்தை நட்டு உயிர்வேலி போடுவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்; அங்கங்கே வெள்வேல மரம். புல் மாட்டுக்கு, வேலங்காய் ஆட்டுக்கு, நிழல் இரண்டுக்கும் பொது. ஒரு காட்டில் மேய்ச்சல் தீர்ந்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மழை குறைந்த பூமியில் உழுது விதைத்து ஏமாறுவதைவிட இது மேல் என்று கண்டவர்கள் கண்ட ஏற்பாடு. பேர்போன காங்கேயம் காளை இந்தப் புல்லை மேய்ந்துதான் அந்தப் பேர் எடுத்தது.

வானத்திலிருந்து பார்த்தால் இது என்ன? கோடையில் எடுத்த படத்தில் வெளிறிய மண், அதில் சிதறின புள்ளி புள்ளியாக மரம். கம்ப்யூட்டர் தயங்காமல் 'புதர் மண்டிய தரிசு' என்று வைத்துவிட்டது. அதன்மேல் குற்றமில்லை, அந்தப் பட்டியலில் வேறு பெயர் இல்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசம் முழுவதற்கும் தரிசு நில வரைபடத் தொகுதி ஒன்றைச் சர்க்கார் 2000-ம் வருஷம் வெளியிட்டது. அப்புறம் 2019 வரையில் பல முறை புதுப்பித்தது. அதில் தரிசிலே பலவகை. புதர் நிலமும் ஒரு வகை, சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் ஒரு வகை. நன்றாக இருக்கிற மேய்ச்சல் காட்டுக்கு அந்தத் தரிசு வரிசையில் எங்கே இடம் இருக்கும்? அடங்கலும் ஒத்தாசைக்கு வருகிறது. உழுது விதைக்காத பசலிக்குக் கர்ணமும் தரிசு என்றுதான் எழுதினார். தரையில் இருந்தவரும் ஆகாயத்தில் இருக்கிறவரும் வாழ்நாளில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அது இந்த வார்த்தையில்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டு போனோம். அது எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவருடைய கொறங்காட்டுக்குள் விழுந்திருந்தது. எண்பதுக்கு மேல் வயசு. படலுக்குப் பக்கத்தில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாங்க தம்பி, வா அம்மணி. என்னமோ போன்லயே காட்டைத் தேடிட்டு வர்றீங்களாமா?" என்றார்.

அவள் படத்தைக் காட்டி விளக்கினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இந்த நீட்டுக் கோடு என்ற கிளுவை வேலியா அம்மணி?"

"ஆமாங்க அப்புச்சி."

"அப்ப இந்த நெறத்துக்கு என்ன எழுதிருக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். "தரிசுன்னு இருக்குதுங்க அப்புச்சி" என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தரிசுன்னா ஆளத்துக் கெடக்கற பூமி. இதுல இருபது ஆடும் நாலு மாடும் வவுறு ரொப்புது. எங்கப்பாரு போட்ட வேலி இது. மேல இருக்கறவன்கிட்டச் சொல்லு, ஐப்பசி மழைக்கப்புறம் வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மகன் திருப்பூரில் ஷெட் பிடித்து ஜாப் ஒர்க் எடுக்கிறான். கடன் இருக்கிறது. சைட் போடுகிறவர்களை அழைத்துக்கொண்டு ஒரு தரகர் இரண்டு தடவை வந்து போனார். "சும்மா கெடக்கற தரிசுதானுங்களே, கெவர்மென்ட் மேப்புலயே அப்படித்தான் போட்டிருக்குதுங்க" என்றாராம். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று, வார்த்தையை விற்றுப் பிழைக்கிற எனக்கு அதுவரை தெரியாது. அந்த வார்த்தை நிலத்தின் விலையைக் குறைக்கிறது. கூடவே விற்கிறவனுடைய மன உறுத்தலையும் குறைக்கிறது.

மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மழை பொய்த்த காட்டை நம்பி நின்ற எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது திருப்பூர். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. கம்பெனி கட்ட நிலம் வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்க வீடு வேண்டும். விற்பதானால் விற்கட்டும். ஆனால் விற்கப்போவது மேய்ச்சல் காடு என்று தெரிந்து விற்க வேண்டும். ஒன்றுமில்லாத ஒன்றைக் கைமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு விற்கக்கூடாது. ஒரு பெயரை வைத்து ஒரு சொத்தை முன்னாலேயே அழித்துவிட்டால், அப்புறம் நிஜமாக அழிகிறபோது அழுவதற்கு ஆளிருக்காது. மாறுதலைக் கணக்கெடுக்கிறவருக்கும் அது அகப்படாது: தரிசு குறைந்து மனை கூடிற்று, நல்லதாயிற்று என்று பட்டியல் சொல்லிவிடும்.

திரும்பி வந்ததும் அவள் வேலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிழவர் சொன்ன யோசனை சாஸ்திரத்துக்கும் ஒத்ததுதான். ஒரு வருஷத்துக் கார்த்திகைப் படத்தையும் அடுத்த வருஷத்துப் பங்குனிப் படத்தையும் ஒப்பிட்டு, நிலம் பாழாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னால் அது அபாண்டம். பருவத்துக்குப் பருவம்தான் ஒப்பிட வேண்டும். அதோடு ஒரே வருஷத்தில் இரண்டு பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நிலத்தின் குணமே தெரிந்துவிடும். மழைக்குப் பின் புல் சிவந்து, கோடையில் வெளிறி, அப்போதும் மரங்கள் மட்டும் சிவப்பாக நின்று, சுற்றிலும் நூல் பிடித்தாற்போல வேலிக்கோடு ஓடினால் அது கொறங்காடு. உழுத காட்டில் மரம் இவ்வளவு இராது. சீமைக்கருவேலம் மண்டின இடத்தில் கோடையிலும் சிவப்பு அடர்ந்திருக்கும், வேலிக்கோடும் இராது. இப்படிப் பிரித்து, பட்டியலில் ஒரு வரி கூட்டி, 'கொறங்காடு' என்று எழுதினாள். அவளுக்கு வழிகாட்டுகிறவர், அங்கீகாரம் பெற்ற பட்டியலில் அப்படி ஒரு வகை கிடையாதே என்று ஆட்சேபித்தாராம். தரையில் கிடையாது என்று யாராவது சொல்லட்டும், எடுத்துவிடுகிறேன் என்றாளாம். வரி நின்றது.

சோழர் காலத்துச் சாசனங்களில் ஊர் எல்லைக்குள் அடங்கினவற்றை வரிசைப்படுத்துகிறபோது, மனை, மன்று, குளம் என்று சொல்லிக்கொண்டு வந்து, கன்றுமேய்பாழ் என்றும் ஒன்றைச் சொல்கிறார்கள். பாழ் என்றுதான் எழுதினார்கள். ஆனால் யார் மேய்கிறது என்பதையும் சேர்த்து எழுதினார்கள். கல்லில் வெட்டுவதற்கு எழுத்துக்கு எழுத்து உளி தேய்கிற காலத்தில்கூட, கன்றுக்குட்டிக்கு அங்கே பாத்தியதை உண்டு என்று சொல்ல நாலெழுத்து அதிகமாகச் செலவழித்தார்கள். நமக்கு உளி தேய்கிற கஷ்டம் இல்லை.

பெரியப்பாவின் காடு இன்னும் விற்கவில்லை. அவள் போட்ட வரைபடத்தால் அல்ல. கிழவர் இன்னும் படலுக்குப் பக்கத்தில் நிற்பதால். அந்த வரைபடம் பத்திர ஆபீசில் செல்லாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார் என்று கேள்வி.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடங்கள் இப்போது நம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2008-லிருந்து லாண்ட்சாட் படங்களைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2009-லிருந்து நம் நாட்டுப் படங்களைப் பார்க்கப் புவன் என்ற தளம் இருக்கிறது. உங்கள் ஊர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அவசியம் பாருங்கள். வண்ணம் கண்ணைக் கவரும். கவரட்டும். ஆனால் படத்தின் மூலையில், எந்த நிறம் எதைக் குறிக்கும் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டிருப்பார்கள். அதை முதலில் படியுங்கள். தரிசு என்ற பெயரோடு ஒரு நிறம் அதில் இருந்தால், காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த இடம் வரைக்கும் ஒரு நடை போய், அங்கே எந்த ஆடு மேய்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.